ஐஸ் கம்பெனி எவ்வளவு கடன் தாங்கும்?

ஒரு கம்பெனி வாங்கப்போகும் கடனைச் சம்பாதித்துக் கட்டுமா, எதையாவது விற்றுக் கட்டுமா, அல்லது கட்டவே கட்டாதா என்பதைக் கடன் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதற்காக ஒரு வங்கி எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறது.

இதை வாசிக்கும் நீங்களும் என்றைக்காவது வங்கி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இந்தப் பக்கம் இருப்பவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உதடு என்னுடையது. பிதுக்குகிறவனுக்கும் பாடு உண்டு என்பதால், இந்தப் பக்கங்கள் முடியும் வரை நாம் ஒரே கட்சி என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு எளிது. ஒரு வருடத்தில் செலவு போகக் கம்பெனி சம்பாதிப்பதை மேலே எழுத வேண்டும். அந்த வருடம் கட்ட வேண்டிய வட்டியையும் அசல் தவணையையும் கூட்டிக் கீழே எழுத வேண்டும். மேலதைக் கீழதால் வகுக்க வேண்டும். ஒன்று வந்தால், சம்பாதித்தது முழுவதும் கடனுக்கே போகிறது, முதலாளி காற்றைக் குடித்து வாழ வேண்டும் என்று பொருள். ஒன்றுக்குக் கீழே வந்தால் காற்றும் கிடையாது. ஒன்றரை வந்தால் வங்கிக்குத் தூக்கம் வரும். (தேய்மானத்தைத் திரும்பக் கூட்டினாயா என்று கேட்க எழுந்த கணக்காளர்கள் உட்காரலாம். கூட்டினேன்.) காகிதத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் கிளையில் சுருக்கமாகத் தாங்குதிறன் என்போம். அதை வைத்து நான் பட்டவை பல. ஒரே ஒரு ஐஸ் கம்பெனியால் பட்டவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

மே மாதம் யார் வாங்குவார்கள்?

மதலேன் அம்மாளுக்குப் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஐஸ் கம்பெனி. கணவர் காலமான பிறகு தனியாகத்தான் நடத்துகிறார். துறைமுகத்தில் அவரை எல்லோரும் மதாம் என்பார்கள். விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும்போது மீன் கெடாமல் இருக்க ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும். அதில் பாதிப் படகுகள் அவருடைய வாடிக்கை. சிக்கல் கம்ப்ரசரில். அது கிழடாகி, வாரத்துக்கு ஒரு முறையாவது படுத்துக்கொண்டது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் கம்பெனியும் சும்மா நிற்கும். அந்த இடைவெளிக்குள் வேறு கம்ப்ரசர் மாட்டியாக வேண்டும். தடை நீங்கும் நாளில் ஐஸ் இல்லையென்றால் படகுக்காரர்கள் கடலூரிலிருந்து வரவழைத்துக்கொள்வார்கள். அப்படிப் போன வாடிக்கை திரும்பி வந்ததாக அந்தத் துறைமுகத்தில் யாருக்கும் நினைவில்லை. கம்பெனியை மூட வேண்டியதுதான். ஆகவே மதாம் பிப்ரவரியிலேயே கடன் கேட்டுவிட்டார்.

கோப்பைக் கொண்டுவந்தவர் அவருடைய ஆடிட்டர். அடுத்த ஐந்து வருடத்துக்கான உத்தேசக் கணக்கில் தாங்குதிறன் ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. இதில் எனக்கு வியப்பில்லை. சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்கிறவர் ஆனாலும், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் விடுதி நடத்துகிறவர் ஆனாலும், இந்த ஆடிட்டர் கைபட்டால் அந்த எண்தான் வரும். அவர் விடையை முதலில் எழுதிவிட்டு வியாபாரத்தை அதற்கேற்றபடி வளர்ப்பார். என்னை உறுத்தியது வேறு. பன்னிரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே விற்பனை, மே மாதத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல். படகே கிளம்பாத மாதத்தில் படகுக்கான ஐஸை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"அக்னி நட்சத்திரம் சார். அப்ப ஐஸ் போவலன்னா வேற எப்ப போவும்?"

இதர வருமானம்

தடைக்கால ஐஸை நீக்கியதும் தாங்குதிறன் ஒன்றேகாலுக்கு இறங்கியது. ஆடிட்டர் கலங்கவில்லை. மிச்சமிருப்பதெல்லாம் கெட்டியான வரவு, முக்கியமாக அந்த 'இதர வருமானம்' என்றார். பழைய கணக்குகளைப் புரட்டினேன். வருடம் தவறாமல், தடைக்காலத்தில் மட்டும், அந்தத் தலைப்பில் கணிசமான தொகை வந்திருந்தது. பழைய இரும்பு விற்றதாக இருக்கும் என்று நினைத்தேன். விசாரித்ததில் அது மதாமின் தம்பி லூயி. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, அங்கேயே தங்கிவிட்டவர். படகு ஓடாத மாதங்களில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க அக்கா திணறுவார் என்று யூரோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு தம்பியை எந்தக் கணக்கியல் விதிப்படியும் வியாபார வருமானம் ஆக்க முடியாது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. புதுச்சேரியின் பல கிளைகளில் வேலை பார்த்தவர் அவர். பிரான்சில் ஒரு தம்பி இருப்பதே ஒன்றரைக்குச் சமம் என்பது அவருடைய நெடுநாள் அனுபவம். நான் பிடிவாதமாக லூயியை அடித்தேன். எஞ்சியது ஐஸ் மட்டும். தாங்குதிறன் ஒன்றுக்கு ஒரு நூல் கீழே போய் நின்றது.

அக்காவிடம் கேள்விப்பட்டு லூயி பிரான்சிலிருந்து எனக்குப் போன் செய்தார். கோபமில்லை. முசியே என்று மரியாதையாக அழைத்து, பிரெஞ்சில் நலம் விசாரித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். அவர் அனுப்புவது அன்பின் காரணமாக, அன்பை அடுத்த ஐந்து வருடத்துக்கு உத்தேசம் போட வங்கி அனுமதிப்பதில்லை, ஆகவே கணக்கில் அவர் சைபர்கூட அல்ல, வரியையே எடுத்துவிட்டோம் என்று விளக்கினேன்.

"சைபர்னு போட்டிருந்தாக்கூடப் பரவால்ல முசியே, அந்த எடத்துல என் பேராவது இருந்திருக்கும்."

பழைய ஐஸ்

மார்ச்சில் மேனேஜரும் நானும் நேரில் பார்க்கப் போனோம். உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதற்குள் வரிசையாகத் தகர டின்கள், டின்னுக்கு ஒரு ஐஸ் பார். அன்றைக்கென்று பார்த்துக் கம்ப்ரசர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தை எதற்காக மாற்ற வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். மதாம் வாதாடவில்லை. டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். கண்ணாடித் தம்ளர் பாதி காலியாவதற்குள் கம்ப்ரசர் ஒரு முறை குலுங்கி நின்றது. ஆபரேட்டர் எழுந்து போய், யாரையும் பார்க்காமல், அதைக் காலால் இரண்டு உதை விட்டார். ஓடவில்லை. மேனேஜர் டீயைக் கீழே வைத்துவிட்டு, மாற்றத்தான் வேண்டும் என்று குறித்துக்கொண்டார். எங்கள் தொழிலில் இவ்வளவு விரைவாக ஒரு விஷயம் நிரூபணமாகி நான் பார்த்ததில்லை.

பிறகு சரக்கிருப்புப் படிவம் வந்தது. எல்லாத் தொழிலுக்கும் ஒரே படிவம். கையிருப்புச் சரக்கு எவ்வளவு, அதில் தொண்ணூறு நாளுக்கு மேல் விற்காமல் கிடப்பது எவ்வளவு, தனித்தனியாக எழுத வேண்டும். மதாம் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு போட்டால் ஆகாது, 'இல்லை' என்று எழுதி, நாங்கள் நேரில் சரிபார்த்ததாகவும் குறிக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். விதி அப்படித்தான், அவர் சொன்னதில் பிழையில்லை. பழைய சரக்கு எங்காவது ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று முறைப்படி நான்தான் கேட்டேன். மதாம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வாசல் பக்கம் காட்டினார்.

"அதெல்லாம் அந்தக் காவா வழியா கடலுக்குப் போயிடுச்சு சார், வேணும்னா போயி அளந்துக்குங்க."

அறுவடை

ஒன்றுக்குக் கீழே இருக்கும் எண்ணை உயர்த்த நேர்மையான வழிகளும் உண்டு. கடன் காலத்தை ஐந்து வருடத்திலிருந்து ஏழாக நீட்டினேன். வருடாந்திரச் சுமை குறைந்து தாங்குதிறன் ஒன்று புள்ளி இரண்டுக்கு வந்தது. ஆனால் அது வருடம் முழுவதற்குமான எண். வருடத்துக்கு ஒரே எண் இருக்கலாம், தவணை மாதத்துக்கு மாதம் வருகிறது. தடைக்காலத்தில் தவணை விழுந்தால் மதாம் எதிலிருந்து கட்டுவார்? லூயியிலிருந்துதான். எனவே வருடத்துக்குப் பன்னிரண்டு தவணைக்குப் பதிலாகப் பத்து, தடைக்காலத்தில் தவணை கிடையாது என்று பரிந்துரைத்தேன். மேனேஜர் யோசித்துப் பார்த்துவிட்டு, கடல் மூடியிருக்கும்போது நாம் மட்டும் ஏன் திறந்திருக்க வேண்டும் என்றார். அவர் இப்படிப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குத் தெரிந்த தவணைகள் மாதம், காலாண்டு, அரையாண்டு. இடையில் மாதங்களை விட்டுவிட்டுக் கட்டும் அட்டவணை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கரும்புக் கடனுக்கு உரியது. வேறு வழியின்றி அந்த அட்டவணையில் ஐஸ் கம்பெனியை ஏற்றி, 'இது கரும்பு அல்ல, ஐஸ். காரணம் இணைப்பில்' என்று குறிப்பு எழுதிச் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து, எத்தனை ஏக்கர், எந்த ரகம், ஆலை ஒப்பந்தம் உண்டா என்று கேள்விகள் வந்தன. போனில் அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் இளைஞர், பொறுமைசாலி. தடைக்காலம், விசைப்படகு, ஐஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். எல்லாம் புரிந்தது என்றும் சொன்னார்.

"ஐஸ்தான் சார், நான் இல்லைங்கல. அந்தக் கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் திறக்காது, அறுவடை எந்த மாசம்னு மட்டும் சொல்லிடுங்க."

கீழே உள்ளது

ஜூன் என்று சொன்னேன். அடுத்த பக்கம் திறந்தது. அதில் இன்னொரு தடை இருந்தது. தாங்குதிறன் ஒன்றரைக்குக் குறைவு. ஆகவே வசதியுள்ள யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது கடன் இல்லை. அப்போது மே முதல் வாரம். படகுகளையெல்லாம் கரையில் நிறுத்திப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜருக்கு இது சிக்கலாகவே படவில்லை. லூயியைக் கேளுங்கள் என்றார். லூயி கேட்காமலேயே சம்மதித்தார். விமான டிக்கெட்கூடப் பார்த்துவிட்டார். மதாம்தான் மறுத்துவிட்டார். கடன் கிடைக்காவிட்டால் கம்பெனி போய்விடுமே என்று நான் நினைவூட்டினேன். தெரியும் என்றார். தம்பி யூரோ அனுப்பினால் அது தம்பி, கையெழுத்துப் போட்டால் பங்காளி, ஒவ்வொரு ஜூலையிலும் இங்கே வந்து ஐஸ் கம்பெனியைத் தானே நடத்திக் காட்டுவான், ஆபரேட்டர் ஒரே வாரத்தில் ஓடிவிடுவார் என்று விளக்கினார். இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வீர்கள் என்றேன். வங்கியில் சட்டம் இடம் தரவில்லை என்று உங்கள் தலையில் போட்டுவிட்டேன் என்றார். அதற்கு மறுநாளிலிருந்து லூயி என்னிடம் பிரெஞ்சில் நலம் விசாரிப்பதில்லை.

இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த எல்லோரும் பின்னத்தின் மேல்பகுதியைத்தான் ஊதிப் பெரிதாக்கினார்கள். கீழ்ப்பகுதி என்று ஒன்று இருக்கிறது, அதைக் குறைத்தாலும் விடை உயரும் என்பதை அன்று மதாமிடமும் ஆடிட்டரிடமும் சொன்னேன். புதிய கம்ப்ரசர்தான் வேண்டும் என்பதில்லையே? மதாம் கேட்டுக்கொண்டு போனார். மறுவாரம், கடலூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஓர் இறால் ஆலையின் கம்ப்ரசரை, அடியோடு பிரித்துப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரைப் பிடித்துவிட்டார். ஆபரேட்டர் போய் அதை நாள் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்து, உதைக்க வேண்டிய அவசியம் வரவில்லை என்று அறிக்கை தந்தார். எங்கள் பொறியாளர் அதையே இரண்டு பக்கத்துக்கு எழுதிச் சான்றிதழ் ஆக்கினார். கடன் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புதுப்பித்த இயந்திரம் புதியதைவிட மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டும் தாங்குதிறன் ஒன்றரையை மயிரிழையில் தாண்டியது. நான் மகிழ்ந்துபோய் ஆடிட்டரைப் பார்த்தேன். கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசியிருந்த அவர் மகிழவில்லை.

"நீங்க கீழ குறைக்கறது உங்களுக்குப் பின்னம் சார், எனக்கு ஃபீஸு."

ஏலக்கூடத்தில் ஒரு நாற்காலி

தடை நீங்குவதற்குச் சில நாள் முன்னால் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. படகுகள் கிளம்பிய அன்று ஐஸ் தயாராக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கடலூருக்கு முன்பணம் கொடுத்திருந்த இரண்டு மூன்று பேரும் அதை விட்டுவிட்டு மதாமிடமே வந்தார்கள். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வருடம் முடிந்ததும் உத்தேசத்தையும் உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது வங்கி விதி. அந்த வருடம் மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை ஒன்றின்மேல் ஒன்றாக வந்து படகுகள் வாரக்கணக்கில் கரையில் நின்றன. உண்மையில் வந்த தாங்குதிறன் ஒன்றுக்குக் கீழே. என் கணக்குப்படி மதாம் சில தவணையாவது தவறியிருக்க வேண்டும். ஒன்றுகூடத் தவறவில்லை. அதுவும் தேதி மாறாமல் கட்டியிருந்தார். லூயியாக இருக்குமோ என்று முதலில் பார்த்தேன். லூயி வழக்கம்போலத் தடைக்காலத்துக்கு மட்டும் அனுப்பியிருந்தார், அது ஆட்கள் சம்பளத்துக்குப் போயிருந்தது.

சென்னை அலுவலகம் கடிதம் எழுதியது. தாங்குதிறன் ஒன்றுக்குக் கீழ் இருந்தும் தவணைகள் தவறாமல் செலுத்தப்பட்டதற்கான காரணத்தைக் கிளை விளக்க வேண்டும். எனக்கும் காரணம் தெரியவேண்டியிருந்ததால் துறைமுகத்துக்குப் போனேன். மதாம் ஐஸ் கம்பெனியில் இல்லை. மீன் ஏலக்கூடத்தில், ஏலம் விடுகிறவருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படகுக்காரர்கள் ஐஸைக் கடனுக்கு ஏற்றிக்கொண்டு போய், திரும்பி வந்து மீன் விற்றதும் கொடுப்பது அங்கே வழக்கம். விற்றதும் என்பது நாளடைவில் அடுத்த சீசன் என்றாகி, அதற்கடுத்த சீசனாகவும் ஆகியிருந்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மதாம் தினமும் காலையில் நாற்காலியோடு வந்துவிடுகிறார். யாரையும் எதுவும் கேட்பதில்லை. உட்கார்ந்திருக்கிறார். யாருடைய மீன் ஏலம் போகிறதோ அவரைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்கிறார். ஏலக்காரர் ஐஸ் பாக்கியை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் படகுக்காரரிடம் தருகிறார். பழைய பாக்கி தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அது தீர்வதற்குள் புது ஐஸுக்கு ரொக்கம் கொடுத்துப் பழகிவிடுவார்கள் என்றார். பலர் பழகியும்விட்டிருந்தார்கள்.

பழைய பாக்கி வசூலானால் அது இந்த வருட வருமானம் ஆகாது, ஆகவே பின்னத்தின் மேலே ஏறாது. அந்தப் பணம் வராத வருடங்களில் அதை வருமானம் என்று எழுதினோம், வந்த வருடத்தில் வருமானம் இல்லை என்கிறோம். கணக்கியலில் இது முற்றிலும் சரி. ஏலச் சத்தத்துக்கு நடுவில் இதை விளக்க நான் முயலவில்லை. சென்னைக் கடிதத்தை மட்டும் தமிழாக்கி வாசித்துக் காட்டி, தவணையை ஏன் தவறாமல் கட்டினீர்கள் என்பதற்கு ஒரு பதில் வேண்டும் என்றேன். ஒரு கூடை வஞ்சிரம் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தது. மதாம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டாம இருந்தா இந்தக் கேள்வி வராதுன்னா சொல்லிடுங்க சார், அடுத்த மாசத்துலேர்ந்து அப்படியே பண்ணிடலாம்."

கடனைச் சம்பாதித்துக் கட்டுகிறவர்களையும் கட்ட முடியாதவர்களையும் என் விகிதம் ஓரளவுக்குப் பிரித்துக் காட்டிவிடுகிறது, எப்படியோ கட்டிவிடுகிறவர்களை எழுதத்தான் எங்கள் படிவத்தில் இன்னும் இடம் ஒதுக்கவில்லை.